வேரும் வேந்தனும்

"பாட்டி கொடுத்த கஷாயத்தைக் குடித்தேன், வயிற்றுக்கடுப்பு நின்றது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் ஐயா?" வகுப்பிலே மாணவன் ஒருவன் நம்மை நோக்கிக் கேட்டான். மற்றவர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. இதே கேள்விக்கு விடை காண, ஐரோப்பிய மருத்துவம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இடர்ப்பட்டதன்றோ! அந்தக் கதையை அவனுக்குச் சொன்னோம்; தோழர்களுக்கும் சொல்கிறோம்.

பிரேசில் நாட்டுக் காடுகளிலே வளரும் சிறு செடி, இபிகாக்குவானா. அதன் வேர் கடுப்பைத் தணிக்கும் எனக் கண்டவர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்கள். டச்சு மருத்துவர் பிசோ, 1648இல் வெளிவந்த நூலிலே அதைக் குறித்துவைத்தார். எழுதியவர் பெயர் ஏட்டிலே நிலைத்தது. கண்டுபிடித்தவன் பெயர் காட்டோடு போயிற்று!

பாரிஸ் நகரிலே ஹெல்வீஷியஸ் என்னும் மருத்துவர், அவ்வேரை மறைபொருளாக்கி விற்றார். பட்டத்து இளவரசனும் அம்மருந்தால் பிழைத்தான் என்றனர். பதினான்காம் லூயி மன்னன் 1688ஐ ஒட்டி ஆயிரம் பொற்காசு கொடுத்து அந்த இரகசியத்தை வாங்கினான். நகரத்து மருத்துவமனையிலும் சோதனை நடைபெற்றது. ஏழையின் குடலே அன்று ஆய்வுக்கூடம்!

மன்னன் வாங்கினான், மாளிகை புகழ்ந்தது, ஐயம் தீர்ந்ததா? இல்லை. வேரை உண்டவருள் சிலர் எழுந்து நடந்தனர், சிலர் மாண்டனர். வாந்தியோ தாளமுடியவில்லை. 1817இல் பெல்லெத்தியே, மஜாந்தி எனும் பிரெஞ்சு அறிஞர் இருவர் வேரிலிருந்து எமெட்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். வாந்தி அதனால்தான் என்றறிந்ததும், எமெட்டினை நீக்கிய பொடியையே பிற்காலத்தில் மருந்தெனக் கொடுத்தோரும் உண்டு!

முடிச்சு வேரில் இல்லை, நோயின் பெயரிலே இருந்தது. 1875இல் ரஷ்ய மருத்துவர் லோஷ், நோயாளி ஒருவரின் மலத்திலே அமீபாவைக் கண்டார். 1898இல் ஜப்பானிய அறிஞர் ஷிகா, கடுப்பை உண்டாக்கும் வேறொரு கிருமியை, ஒரு பாக்டீரியாவை, அறிவித்தார். ஒரே பெயருக்குள் வெவ்வேறு நோய்கள்! 1911இல் மணிலாவிலே வெடர், எமெட்டின் அமீபாவைக் கொல்வதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். எமெட்டின் நீக்கிய பொடி பயனற்றுப் போயிற்று. மறு ஆண்டே கல்கத்தாவில் ரோஜர்ஸ் அதனை ஊசிவழிச் செலுத்தி, அமீபாக் கடுப்பைக் குணமாக்கினார்.

அப்படியானால், பாக்டீரியாவால் கடுப்புற்று, வேரை உண்டு எழுந்தவர்கள்? அவர்கள் உடல் தானே நோயை வென்றது. புகழை வேர் தட்டிக்கொண்டு போயிற்று! பிழைத்தவன் வாயால் சாட்சி சொன்னான். மாண்டவன் எப்படிச் சொல்வான்?

எமெட்டினும் குற்றமற்றதன்று. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. 1966இல் மெட்ரோனிடசோல் அமீபா நோயைத் தீர்ப்பது தெரிந்தபின், எமெட்டின் படிப்படியாக ஒதுக்கப்பட்டது.

"அப்படியென்றால் பாட்டியின் கஷாயம் பொய்யா?" என்றான் மாணவன். பொய்யென்று நாம் சொல்லவில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு, குடித்தும் நலமடையாதவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். மறுநாள் கொண்டுவந்தான். மாதுளம்பழத் தோல், ஒரு கைப்பிடி என்று இருந்தது. மற்ற இரண்டு இடமும் வெற்றாகவே இருந்தன.