யாவ்னேயைக் கேட்ட ஞானி

கோயில் போய்விட்டால் ஒரு சமயம் பிழைக்குமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் யோகனான் பென் சக்காய் என்ற யூத ஞானிதான் என் நினைவுக்கு வருவார்.

கி.பி. 66-இல் யூதேயா மக்கள் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். எருசலேம் முற்றுகைக்கு உள்ளானது. உள்ளே பஞ்சம். யோகனானோ சமாதானம் வேண்டும் என்றவர். போராளிகள் விடுவார்களா? உயிரோடு யாரும் வாசலைத் தாண்ட முடியாது. ஆகவே செத்தவர்போல் படுத்துக்கொண்டார்; சீடர்கள் எலியேசரும் யோசுவாவும் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம், "நீர் பேரரசர் ஆவீர்" என்றாராம். அந்தச் செய்தியும் வந்து சேர, வேண்டியதைக் கேள் என்றானாம் அவன். இவர் கேட்டது யாவ்னே என்ற சிற்றூரையும் அங்கிருந்த அறிஞர்களையும். அவ்வளவுதான்!

இதை அப்படியே வரலாறு என்று நான் சொல்ல மாட்டேன். வெஸ்பாசியன் பேரரசரானது 69-இல். 70-இல் நகரை முற்றுகையிட்டு வீழ்த்தியவர் அவர் மகன் டைட்டஸ். கதையும் நான்கு விதமாகக் கிடைக்கிறது. ஆனால் ஆலயம் எரிந்ததும், யாவ்னேயில் கல்வி தழைத்ததும் நிஜம்.

நகரத்தையே கேட்டிருக்கலாமே என்று பின்வந்தவர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறையைத் தல்மூத் நூல் மறைக்கவில்லை. அதிகம் கேட்டால் கொஞ்சமும் கிடைக்காமல் போகும் என்று அவர் அஞ்சியிருக்கலாம் என்ற பதிலையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

யாவ்னேயில் என்ன செய்தார்? புத்தாண்டு ஓய்வுநாளில் வந்தால் கொம்பு ஊதுவது ஆலயத்தில் மட்டும்தான் என்றிருந்தது. நீதிமன்றம் இருக்கும் இடத்திலும் ஊதலாம் என்றார். என்னங்க பெரிய விஷயம் என்று தோன்றலாம். வழிபாடு இடிந்த கட்டடத்தை விட்டு இடம் மாறியது இப்படித்தான். ஆலயத்தின் இடிபாட்டைப் பார்த்து யோசுவா கலங்கியபோது, பலிக்கு ஈடாக நற்செயல் இருக்கிறது என்று தேற்றியவரும் இவரே. சுமார் கி.பி. 200-இல் மிஷ்னா தொகுக்கப்பட்டதற்கு இங்கேதான் அடித்தளம் போடப்பட்டது.

மரணப் படுக்கையில் அவர் அழுதாராம்: எதிரே இரண்டு வழிகள், எதில் அழைத்துப்போவார்களோ தெரியவில்லையே என்று. எருசலேமைக் கேட்காமல் விட்ட பாரம் கடைசிவரை இறங்கவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

பிழைப்புக்காக வந்த நம்மை, நகரைப் பறிகொடுத்த அவர்களோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் சங்கத்தில் மண்டபமா, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பா என்று பேச்சு எழும்போது, யாவ்னே என் நினைவுக்கு வந்துவிடுகிறது.