இருமுறை துறந்த நிதிப் பதவி

தில்லி மந்திர் மார்க்கிலிருந்து வடக்கு பிளாக் தொலைவன்று. அங்கே இருமுறை நிதியமைச்சராக அமர்ந்தவர் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1956-இல் பதவியேற்று, மறு ஆண்டே சொத்து வரியும் செலவு வரியும் கொணர்ந்து செல்வரின் சினத்துக்கு ஆளானார். செலவுக்கும் வரியா என்றனர், வசூலோ சொற்பமே.

ஆயினும் அவரை வீழ்த்தியது வரியன்று. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் முந்த்ரா கம்பெனிப் பங்குகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முடக்கியதை மக்களவையில் பெரோஸ் காந்தி எழுப்பினார். விசாரித்த நீதிபதி சாக்ளா, செயலாளர் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். பிரிட்டிஷ் பார்லிமெண்டு மரபும் அதுவே. கோப்பெழுதும் எம்போன்றோர் மறவாத தீர்ப்பு அது! 1958 பிப்ரவரியில் பதவி துறந்தார்.

1963-இல் மீண்டும் அதே நாற்காலி. மறு ஆண்டு யூனிட் டிரஸ்டு பிறந்தது. 1965 டிசம்பர் இறுதியில் மறுபடியும் ராஜிநாமா.