அடித்தளத்து அறையில் ஓர் உரையாடல்

வரலாறு என்றவுடன் அரண்மனைகளும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று சொல்லப்போவதோ ஒரு கல்லூரியின் அடித்தளத்து அறையையும், அங்கே கிடந்த நாற்காலிகளையும் பற்றியது.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர் ஜாக்சன். அதற்கு வடக்கே, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுக்காகக் கிறிஸ்தவத் தொண்டர்கள் 1869-இல் நிறுவிய டூகலூ கல்லூரி இருக்கிறது. 1947-இல் அங்கே சமூகவியல் கற்பிக்க வந்தார் எர்னஸ்ட் போரின்ஸ்கி. அவர் ஜெர்மனியில் சட்டம் பயின்ற யூதர்.

ஹிட்லர் ஆட்சி 1933-இல் யூதரை அரசுப் பணிகளினின்று நீக்கச் சட்டம் செய்தது. 1935-இல் நூரம்பர்க் சட்டங்களால் அவர்தம் குடியுரிமையையும் பறித்தது. இடையே 1934 ஜூன் மாதத்தில் கூடிய ஜெர்மானியச் சட்ட வல்லுநர்கள், கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதைத் தடுத்த அமெரிக்க மாநிலச் சட்டங்களை எடுத்துவைத்துக்கொண்டு விவாதித்தனர். போரின்ஸ்கி 1938-இல் நாட்டைவிட்டுத் தப்பினார். தப்பியவர் இறுதியில் வந்து சேர்ந்ததோ, அத்தகைய சட்டம் நடைமுறையில் இருந்த மிசிசிப்பிக்கு!

ஆகவே அவரும் அவருடைய மாணவரும் ஒரே துன்பத்தை அனுபவித்தவர்கள் என்று நாம் கூறிவிடலாமா? அது எளிது; ஆனால் முழு உண்மையன்று. யூதரேயாயினும் மிசிசிப்பியின் கணக்கில் அவர் வெள்ளையர். ஜாக்சன் நகர உணவகத்தில் அவர் அமரலாம்; அவருடைய மாணவர் அமர இயலாது. இதை இரு சாராரும் நன்கு அறிவர். அந்த வேற்றுமையை மறைக்காமல் பேசியதே அவர்களுடைய உரையாடலின் சிறப்பு என்பது என் கருத்து.

போரின்ஸ்கி அந்த அடித்தளத்து அறைக்குச் ‘சமூக அறிவியல் ஆய்வகம்’ என்று பெயரிட்டார். அங்கே சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்து வெளியாரையும் அழைத்தார். வெள்ளையர் மட்டுமே பயின்றுவந்த மில்சாப்ஸ் கல்லூரியிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். தம் மாணவரிடம் அவர் ஒரு தந்திரம் சொல்லி வைத்திருந்தார்: முன்னதாகவே வந்து, ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் அமர்ந்துவிடுங்கள் என்பதே அது. பின்னர் வரும் வெள்ளை விருந்தினர் எங்கே அமர்ந்தாலும் இருபுறமும் கறுப்பினத்தவரே இருப்பர். பிரிவினையைக் கண்டித்து ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலிருப்பவரோடு எத்தனை நேரம்தான் பேசாமல் இருக்க முடியும்?

இது விளையாட்டன்று. நிறப்பிரிவினையைக் காப்பதற்கென்றே மாநில அரசு 1956-இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்து, இத்தகையோரை வேவு பார்த்தது. ஜாக்சனில் வாழ்ந்த சிறு தொகையினரான யூதருள் பலர் அஞ்சி வாய்மூடியிருந்தனர். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். 1967 செப்டம்பரில் அவர்களுடைய பெத் இஸ்ரேல் தொழுகைக் கூடத்தில் குண்டு வெடித்தது. நவம்பரில் அவர்களுடைய குரு பெரி நஸ்பாமின் வீட்டிலும் வெடித்தது.

1961 மார்ச் 27-ஆம் நாள் டூகலூ மாணவர் ஒன்பதின்மர், வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த ஜாக்சன் பொது நூலகத்தினுள் சென்று, அமைதியாக அமர்ந்து படிக்கலாயினர். காவலர் அவர்களைக் கைது செய்தனர். இதை ஆசிரியரின் சாதனையாக எழுதிவிட எனக்கு மனமில்லை. துணிவு அம்மாணவருடையது, அவர்களுக்கு வழிகாட்டியவர், 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ். ஆயினும், அமரக் கூடாத இடத்தில் அமர்ந்து பார்க்கும் பழக்கம் அந்தக் கல்லூரிக்குப் புதிதன்று.

அறுபதுகளின் பிற்பகுதியில் காலம் மாறியது. கறுப்பினக் கல்லூரிகளில் வெள்ளை ஆசிரியருக்கு என்ன இடம் என்று இளைஞர் கேட்கத் தொடங்கினர், நியாயமான கேள்விதான். போரின்ஸ்கி டூகலூவை விட்டுப் போகவில்லை. 1983-இல் அவர் காலமானபோது, அக்கல்லூரி வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.