5 உயிர்களைப் பறித்த ‘டைட்டன்’ நீர்மூழ்கி: கார்பன் ஃபைபரில் எங்கே நடந்தது தவறு? முழு விளக்கம்

2023 ஜூன் 18. வட அட்லாண்டிக் கடலடியில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைப் பார்க்க, 5 பேருடன் இறங்கியது ‘டைட்டன்’ என்ற சிறிய நீர்மூழ்கி. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் தொடர்பு அறுந்தது. 4 நாள் தேடலுக்குப் பிறகு, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி அதன் சிதைவுகள் கிடந்தன. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை.

அந்த நீர்மூழ்கியின் உடல்பகுதி கார்பன் ஃபைபரால் ஆனது. விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் நம்பிப் பயன்படுத்துகிற அதே பொருள்தான். அப்புறம் ஏன் நொறுங்கியது? அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

காம்போசிட் என்றால் என்ன?

கிராமத்தில் மண்சுவர் வைக்கும்போது சேற்றோடு வைக்கோலைப் போட்டு மிதிப்பாங்களே, அதே கணக்குதான். சேறு மட்டும் என்றால் காய்ந்ததும் வெடித்துவிடும். வைக்கோல் மட்டும் நிற்காது. ரெண்டும் சேர்ந்தால் சுவர்.

இன்றைய காம்போசிட்டில், அதாவது கூட்டுப்பொருளில், வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழை. சேற்றுக்குப் பதில் ரெசின் என்ற பிசின். பளுவைத் தாங்குவது இழை. இழைகளை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பது ரெசின்.

இரும்போடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இரும்புத் தகடு ஆலையிலேயே தயாராகி, சோதிக்கப்பட்டு வருகிறது. பட்டறையில் அதை வெட்டுவார்கள், வளைப்பார்கள், அவ்வளவுதான். காம்போசிட் அப்படி இல்லை. இழையை அடுக்கி, ரெசின் இறுகும்போதுதான் அந்தப் பொருளே பிறக்கிறது. அதனால் செய்யும்போது உள்ளே மாட்டிய காற்றுக்குமிழி, விழுந்த சுருக்கம் எல்லாம் பொருளோடு பொருளாக இறுகிவிடும். பெரும்பாலான ரெசின்களை, ஒருமுறை இறுகிய பிறகு உருக்கி மறுபடி ஊற்றவும் முடியாது.

எப்படியெல்லாம் செய்கிறார்கள்?

கையால் அடுக்குவது: நம்ம கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் இப்படிச் செய்தவை. அச்சின் மேல் கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, ஹார்டனர் கலந்த ரெசினைப் பூசி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். பிறகு அடுத்த விரிப்பு. செலவு குறைவு. ஆனால், தரம் முழுக்க உருட்டுகிறவரின் கையில் இருக்கிறது.

காற்றை உறிஞ்சி ரெசினை இழுப்பது: பெரிய காற்றாலை இறக்கைகளுக்கு இந்த முறை அதிகம். உலர்ந்த இழையை அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் மூலம் உறிஞ்சுவார்கள். ஸ்ட்ரா வழியாக ஜூஸ் ஏறுவது போல ரெசின் இழைக்குள் பாயும்.

சுற்றுவது: பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது நினைவிருக்கிறதா? ரெசினில் நனைந்த இழையை, சுழலும் உருளையின் மேல் கணக்கிட்ட கோணத்தில் இயந்திரம் சுற்றும். குழாய்கள், கேஸ் சிலிண்டர்கள் செய்ய ஏற்ற முறை இது. எடை குறைந்த காம்போசிட் எல்பிஜி சிலிண்டரில், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கலனுக்குக் கண்ணாடி இழைதான் கவசம்.

பிரஷர் குக்கர் முறை: விமான பாகங்களுக்கு இதுதான். ரெசின் ஏற்கனவே ஏற்றிய நாடாக்களை இயந்திரம் அடுக்கும். பிறகு ‘ஆட்டோகிளேவ்’ என்ற ராட்சத அடுப்புக்குள் போகும். சுமார் 180 டிகிரி செல்சியஸ் வெப்பம், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆறேழு மடங்கு அழுத்தம். அந்த அமுக்கத்தில் குமிழிகள் நசுங்கி, அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகும்.

இழுப்பதும் தள்ளுவதும் ஒன்றா?

இல்லை. கேஸ் சிலிண்டரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. சுற்றிய இழை கயிறு மாதிரி விறைத்து நின்று தாங்கும். நீர்மூழ்கியில் நிலைமை தலைகீழ். கடல் வெளியிலிருந்து உள்ளே நெரிக்கிறது.

கயிற்றை இழுத்தால் தாங்கும். இரண்டு முனையையும் பிடித்துத் தள்ளினால்? மடங்கிவிடும். இழை மடங்காமல் இருக்க வேண்டுமென்றால், அது நேராகக் கிடக்க வேண்டும். ரெசின் அதை இடைவெளி இல்லாமல் பிடித்திருக்க வேண்டும். சுருக்கம் விழுந்த இழை என்றால், பாதி மடங்கிய நிலையிலேயே கடலுக்குள் போகிறது என்று அர்த்தம்.

டைட்டானிக் கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். அங்கே கட்டைவிரல் நகமளவு இடத்தின் மீது ஏறக்குறைய 400 கிலோ அழுத்தும்.

டைட்டனில் நடந்தது என்ன?

ஓஷன்கேட் நிறுவனம் செய்த முதல் உடல்பகுதியில் 2019-ல் விரிசல் கண்டது. அதை ஒதுக்கிவிட்டுச் செய்த இரண்டாவது உருளைதான் கடைசிப் பயணத்தில் இருந்தது. சுவரின் தடிமன் 5 அங்குலம். ஒரு அங்குலம் அடுக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கி, மேடுகளைத் தேய்த்து, பசை வைத்து அடுத்த அங்குலம். இப்படி 5 முறை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிசோதித்தபோது, சுவருக்குள் சுருக்கங்கள், வெற்றிடங்கள், நுண்துளைகள் தெரிந்தன. தேய்த்ததால் மேடு போயிருக்கும். ஆனால், அந்த இடத்தில் பளுவைத் தாங்க வேண்டிய இழையும் அறுந்துபோகும். மீட்கப்பட்ட துண்டுகள் பசை வைத்த இடங்களையொட்டி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தன.

எச்சரிக்கையே வரவில்லையா? வந்தது. 2018-லேயே நிறுவனத்தின் கடல் செயல்பாடுகள் இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ், முதல் உடல்பகுதியின் தரம் பற்றிக் கேள்வி எழுப்பினார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2022 ஜூலை 15-ல் டைட்டன் மேலே வரும்போது பெரிய சத்தம் கேட்டது. அதன்பிறகு சென்சார் பதிவுகளும் மாறின. அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது என்று விசாரணையில் தெரியவந்தது. ஆனாலும் நீர்மூழ்கி ஓய்வு பெறவில்லை. அந்தக் குளிர்காலத்தை கனடாவில் வெட்டவெளியில் கழித்துவிட்டு, மறுபடி கடலுக்குப் போனது.

டைட்டனுக்கு வெளி அமைப்பு எதனிடமும் தரச்சான்று வாங்கவில்லை. இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கை சொன்னது.

அப்போ கார்பன் ஃபைபரே ஆபத்தா?

அப்படிச் சொல்ல முடியாது. போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி காம்போசிட்தான். அங்கே மாதிரித் துண்டுகளை உடைத்துப் பார்க்கிறார்கள். முக்கிய பாகங்களை மீயொலியால் ‘ஸ்கேன்’ செய்கிறார்கள். நாணயத்தால் தட்டிப் பார்க்கும் எளிய சோதனைகூட இன்றும் உண்டு. நல்ல இடம் ‘டிங்’ என்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்கும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அந்த மாதிரி.

வெளியிலிருந்து பார்த்தால் நல்ல காம்போசிட்டும் மோசமான காம்போசிட்டும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சோதனைதான் சொல்லும். டைட்டனின் சுவர் 2022-ல் சத்தம் போட்டே சொன்னது. அதைக் கேட்டு நிறுத்தியிருந்தால், அந்த 5 பேரும் அன்று கடலுக்குள் இறங்கியிருக்க மாட்டார்கள்.