விதையும் நிலமும்: தோற்புற்று விடுக்கும் தூது

ரவாங் வட்டாரத்தில் ரப்பர்க் கன்று நட்டுப் பழகியவர்க்கு ஒன்று தெரியும். நல்ல மலையடி மண்ணில் செழிக்கும் கன்று, ஈயச் சுரங்கம் விட்டுச்சென்ற மணற்பரப்பில் நோஞ்சானாய் நிற்கும். புற்றுநோயைப் பற்றி இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல் கூறியதும் ஏறத்தாழ இதுவே. மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்த அவர், நோய் கண்ட கண்ட உறுப்பில் பரவவில்லை, ஈரல் போன்ற சிலவற்றையே நாடுகிறது எனக் கண்டார். புற்றணு விதை, உறுப்பு நிலம். ஆயினும் இரண்டுக்குமிடையே பேச்சு நிகழ்கிறது என்பதற்கு அன்று சான்றில்லை.

சான்று, நரம்பை ஆராய்ந்தவரிடமிருந்து வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆய்வு செய்த இத்தாலிய அம்மையார் ரீட்டா லெவி-மொண்டால்சினி, கோழிக்கருவைச் சூழ்ந்த சவ்வின்மேல் எலியின் புற்றுக்கட்டியை வைத்தார். கட்டி கருவைத் தொடவேயில்லை. எனினும் கருவின் நரம்புகள் மிகுந்து வளர்ந்தன. கட்டி ஏதோவொரு பொருளைச் சுரந்து குருதிவழி அனுப்புகிறது என அவர் முடிவு கட்டினார். அது புரதமென்று காட்டிப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். இருவரும் 1986-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

புற்றணு பிறர்க்கு மட்டுமா தூது விடுகிறது? தான் சுரந்த புரதத்தைத் தானே ஏற்று வளரவும் கூடும் என 1980-இல் மைக்கேல் ஸ்போர்னும் ஜார்ஜ் டொடாரோவும் எழுதினர். தனக்குத்தானே உரமிட்டுக்கொள்ளும் பயிர் எனலாம். மெலனோமா என்னும் கருந்தோற் புற்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாயிற்று. அதன் அணுக்களை வளர்த்த நீர்மத்திலிருந்தே, அவற்றை மேலும் பெருகச் செய்யும் புரதமொன்றை ஆன் ரிச்மண்டும் அவருடன் உழைத்தோரும் பிரித்தனர். 1988-இல் அதன் மரபணுவும் அறியப்பட்டது. வெள்ளணுக்களைக் கூவியழைக்கும் புரதக் குடும்பத்தில் அதுவும் ஒன்று.

அடுத்த திருப்பத்தில் இலங்கையிற் பிறந்த அஷானி வீரரத்னாவின் பெயர் வருகிறது. வின்ட் 5ஏ என்னும் புரதம் மிகுந்தால் மெலனோமா அணுக்கள் இடம்பெயர்ந்து ஊடுருவும் ஆற்றல் பெறுகின்றன என 2002-இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். 2016-இல் அவர் குழு வெளியிட்டது இன்னும் வியப்பானது. முதிய எலிகளில் கட்டி மெதுவாகவே வளர்ந்தது. நுரையீரலுக்கோ மிகுதியாகப் பரவியது. முதிர்ந்த தோலின் இணைப்புத்திசு அணுக்கள் சுரக்கும் ஒரு புரதமே, புற்றணுவைப் பரவத் தூண்டியதுடன் மருந்துக்கும் பணியாததாக்கியது. மருந்துகளோ பெரும்பாலும் இளம் எலிகளிலேயே சோதிக்கப்பட்டு வந்தன! நோய் வாய்ப்பது முதியோர்க்கே மிகுதி.

நம்மவர்க்கு இந்நோய் அரிது. வந்தால் பெரிதும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ தோன்றும். வெயில் அதிகம் படாத இடங்கள். ஆதலால் கண்ணில் படாமலே முற்றிவிடுவதுண்டு.