பித்தப்பைப் புற்றுநோய்: சிகிச்சை வளர்ந்த கதை

ஈரலின் அடியில் சிறு கத்தரிக்காய் போல் தொங்கும் பைதான் பித்தப்பை. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் அதில் சேர்ந்து நிற்கிறது.

இந்தப் பையில் புற்று வருவதை 1777ஆம் ஆண்டில் விவரித்தவர் வியன்னா மருத்துவர் மாக்சிமிலியன் ஸ்டோல். பிணத்தை அறுத்துப் பார்த்தபோது கண்டது அது. உயிரோடு இருப்பவருக்குச் செய்ய அன்று ஒன்றும் இல்லை.

நூறாண்டு கழித்து ஒரு வழி பிறந்தது. அதுவும் புற்றுக்காக அல்ல, கல்லுக்காக! அதுவரை பையைத் திறந்து கல்லை மட்டும் எடுப்பார்கள். பெர்லின் நகரத்து கார்ல் லாங்கன்புக், கல்லை விளைவிப்பதே பைதானே, அதை ஏன் விட்டுவைக்கவேண்டும் என்று கேட்டார். பிணங்களில் பழகிப் பார்த்தபின், 1882 ஜூலை 15ஆம் நாள், பல ஆண்டுகள் வலியால் துடித்த 43 வயது ஆடவரின் பித்தப்பையை முழுதாக எடுத்தார். மறுநாள் அந்த மனிதர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம்! பை போனாலும் பித்தநீர் ஈரலிலிருந்து நேரே குடலுக்குப் போய்விடும், மனிதன் வாழலாம்.

புற்று பையின் உட்படலத்தோடு நின்றிருந்தால், பையை எடுப்பதே பெரும்பாலும் போதும். ஆழமாக இறங்கினால் போதாது. பை ஈரலோடு ஒட்டியிருக்கிறதல்லவா? 1954இல் அமெரிக்க மருத்துவர்கள் கிளென், ஹேஸ் இருவரும், பையுடன் அதை ஒட்டிய ஈரல் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கும் முறையை எழுதினார்கள். இன்றைய பெரிய அறுவைக்கும் அதுவே அடிப்படை.

கத்தி எட்டாத நிலையில் மருந்துதான். பிரிட்டனில் 410 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. பித்தக்குழாயில் புற்று வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 8.1 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.7 மாதங்களுக்கு மேல். சிறிய லாபம்தான், ஆனால் அந்த வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

1985இல் எரிக் மூயே என்ற ஜெர்மானியர் சிறு துளைகள் வழியாகவே பையை எடுத்துக் காட்டினார். அதன்பின் கல்லுக்காக அறுவை செய்துகொண்டவர்கள் சில நாளில் வீடு திரும்பத் தொடங்கினார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. எடுத்த பையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே பலருக்குப் புற்று தெரியவருகிறது. அந்த அறிக்கை வரும்போது நோயாளி தோட்டத்து வீட்டில் இருப்பார், காயமும் ஆறியிருக்கும். ஆழமான புற்று என்றால் இரண்டாவது அறுவைக்கு அதுவே தருணம். ஆகவே தையல் பார்க்கப் போகும் நாளில், "பையைச் சோதித்த அறிக்கை வந்துவிட்டதா, டாக்டர்?" என்று கேளுங்கள்.