வால்வுப் பெருக்கியும் கிதாரும்



காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் வீடொன்றில் நுழைவோர், ஒரே தறியில் இரண்டு காலங்களைக் காணலாம். கீழே, நெசவாளர் கால்களைத் தொங்கவிட்டு அமரும் குழித்தறி. அது நம் முன்னோர் கண்டது. மேலே, துளையிட்ட அட்டைகளால் பூ வேலையை நடத்தும் ஜக்கார்டுப் பெட்டி. அது 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் அமைத்தது. நம் நெசவாளர் பழைய தறியை உடைத்தெறியவில்லை. அதன்மேல் புதிய உறுப்பை ஏற்றி, புதிய பணிக்குப் பழக்கினர். இவ்வாறு ஒரு கருவியைப் பிறிதொரு பயனுக்கு மாற்றியமைப்பது மிகப் பழைய கலை. அக்கலைக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த ஓர் எடுத்துக்காட்டை இன்று ஆராய்வோம். பாட்டுக் கேட்பதற்கென்று அமைந்த வால்வுப் பெருக்கி, கிதார் என்னும் நரம்புக் கருவிக்குத் துணையான வரலாறே அது.

வால்வு என்பது யாது? காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழினுள் ஓர் உறுப்பைச் சூடேற்றினால், அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு எதிரிலுள்ள தகட்டை நோக்கிப் பாயும். 1904-இல் இங்கிலாந்தின் பிளெமிங் இதனைக் கருவியாக்கினார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இடையே மூன்றாவது உறுப்பொன்றை வைத்தார். அது வலை போன்றது. ஏரி மதகின் பலகையைச் சிறிதே அசைத்தாலும் வாய்க்கால் நீர் முழுதும் கூடிக் குறைகிறதன்றோ? அதுபோல, வலையில் நிகழும் சிறு மாற்றம் தகட்டில் பெரு மாற்றமாகும். பெருக்கியின் அடிப்படை இதுவே.

இந்த வால்வின் துணையால் வானொலி பிறந்தது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-ஆம் ஆண்டில் வானொலிக் கழகம் ஒன்றை நிறுவி ஒலிபரப்பைத் தொடங்கினார். பணமுடையால் அது 1927-இல் நின்றது. அக்கழகத்தின் கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. மறு ஆண்டில் திருச்சி நிலையமும் தோன்றியது.

வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் பெருக்கி செய்தவர்களின் குறிக்கோள் ஒன்றே: பாடியவர் குரல் எவ்வாறோ, கேட்பவர் செவியிலும் அவ்வாறே ஒலிக்க வேண்டும். 1927-இல் ஹெரால்டு பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அருமையான வழியொன்றைக் கண்டார். வெளிவரும் ஒலியலையில் ஒரு பங்கைத் தலைகீழாக்கித் தொடக்கத்திற்கே திருப்பி அனுப்பினால், பெருக்கி தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு எதிர்ப்பின்னூட்டம் என்று பெயர். இம்முறையைக் கொண்டு இங்கிலாந்தில் வில்லியம்சன் 1947-இல் வெளியிட்ட பெருக்கியில் ஒலித்திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ‘ஹை-ஃபை’ என்று உலகம் போற்றிய மெய்யொலிப் பெருக்கிகளுக்கு அது வழிகாட்டியாயிற்று. அவை நிலைக்கண்ணாடி போன்றவை. உள்ளதை உள்ளவாறு காட்டுவதே அவற்றின் அறம்.

கிதாரின் தேவையோ வேறு. பெரிய இசைக்குழுவில் அதன் மெல்லொலி எடுபடாது. ஆதலின் நரம்புகளின் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட ‘பிக்கப்’ பொருத்தப்பட்டது. 1932-இல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் இத்தகைய கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தது. கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் 1938-இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். வால்வு செய்த நிறுவனங்கள் தம் கையேடுகளில் வெளியிட்ட சுற்றுகளை ஒட்டியே அவர் கிதார்ப் பெருக்கிகளை அமைத்தார். அவருடைய ‘பாஸ்மேன்’ பெருக்கியை மாதிரியாகக் கொண்டு, லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் துணைவரும் 1962-இல் தம் பெருக்கியை உருவாக்கினர். கிதார்ப் பெருக்கி ஆய்வுக்கூடத்தில் தனியே பிறந்ததன்று. ரேடியோவின் வயிற்றில் பிறந்த பிள்ளை அது.

பிள்ளை தாயின் வழியே நடக்கவில்லை. இளங்கலைஞர் பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் முடுக்கினர். அப்பொழுது ஒலியலையின் உச்சி மழுங்கியது. மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் சேர்ந்தன. சுரம் நீண்டு நின்றது. பொறியாளர் குற்றம் என்று கடிந்ததைக் கலைஞர் அழகு என்று தழுவினர். ஓர் ஒப்புமை காண்க. 1950-களில் மல்லார்டு நிறுவனம் வெளியிட்ட மெய்யொலிப் பெருக்கியின் இறுதிப் படியில் இ.எல்.84 என்னும் வால்வுகள் இரண்டு. 1958-இல் வாக்ஸ் நிறுவனம் செய்த ஏ.சி.15 என்னும் கிதார்ப் பெருக்கியிலும் அதே வால்வுகள் இரண்டு. முன்னதில் எதிர்ப்பின்னூட்டம் உண்டு, பின்னதில் இல்லை. வால்வு ஒன்று, நோக்கம் வேறு, ஆதலின் ஒலியும் வேறாயிற்று. அந்த இ.எல்.84 வால்வைப் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் செய்தது. அங்கு ரேடியோ வால்வு உற்பத்தி 1961-இல் தொடங்கியது.

இனி, பழைய மெய்யொலிப் பெருக்கியைக் கிதாருக்கு மாற்றுவது எவ்வாறு? பிக்கப் தருவது ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கே. பெருக்கி எதிர்பார்ப்பதோ அதைப் போலப் பன்மடங்கு. ஆதலின் இ.சி.சி.83 போன்ற வால்வால் முன்பெருக்கி ஒன்றை அமைக்க வேண்டும். அதன் நுழைவாயிலில் பத்து லட்சம் ஓம் மின்தடை வேண்டும். அது குறைந்தால் கிதாரின் கூர்மை மங்கும். கீழ்ச்சுரம், மேற்சுரம் ஆகியவற்றைத் திருத்தும் குமிழ்கள் வேண்டும். எதிர்ப்பின்னூட்டத்தைக் குறைக்க வேண்டும். ஸ்பீக்கரும் 12 அங்குலக் காகிதக் கூம்புடையதாயின் நலம். மிக உயர்ந்த அதிர்வுகளை அது வெளியிடாமையால், செவியை உறுத்தும் கரகரப்பு அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வால்வுப் பெருக்கியினுள் 300 வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் உண்டு; இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது கண்டென்சரில் தங்கியிருக்கும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடிய பழைய ரேடியோக்கள் சிலவற்றில் மின்மாற்றியே இல்லை. உலோகச் சட்டமே நேராக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். கிதாரின் நரம்புகளோ கம்பிவழியே அச்சட்டத்தோடு இணைபவை. வாசிப்பவர் விரல் நரம்பில் பட்டால் உயிரே போகலாம். அத்தகைய பெட்டியைக் கிதாருக்குப் பயன்படுத்தலாகாது. மற்றவற்றையும் தேர்ந்த ரேடியோ தொழிலாளரிடம் காட்டிய பின்னரே தொடுக.

இம்மாற்றம் மேனாட்டு இசைக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. மாண்டலின் நரம்பின் ஒலி விரைவில் அடங்குவது. கருநாடக இசையின் கமகமோ நீண்ட ஒலியை வேண்டுவது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து நரம்புடைய மின்சார மாண்டலினை ஏந்தி அவ்விடைவெளியைக் கடந்தார். அங்கே பெருக்கி வெறும் உரத்த குரலன்று. வாத்தியத்தின் ஓர் உறுப்பே.

எல்லாப் பழம்பெட்டிகளையும் மாற்றிவிடலாமா? ஆகாது. முழுமையாய் எஞ்சியுள்ள நல்ல மெய்யொலிப் பெருக்கி, தன் காலத்தின் சான்று. அதனைப் பேணுவதே கடமை. உறுப்பிழந்து காயலான் கடைக்குப் போகவிருப்பதை மாற்றுவது தக்கது. மாற்றும்போதும் புதிய முன்பெருக்கியைத் தனிப்பெட்டியில் அமைத்து இணைத்தால், பழையது வடுப்படாது. காஞ்சிப் பட்டில் முந்தானையின் பாவினைச் சேலை உடலின் பாவோடு இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பர். இரண்டு பாவுகளையும் நன்கறிந்த கைக்கே அவ்வேலை வரும்.

இளைஞர்களே, ஒரு பொருளை மாற்ற விரும்புவோர், அஃது எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறியாது மாற்றுவது அழிவு. அறிந்து மாற்றுவது ஆக்கம். பழுது பார்க்கும் கடையில் சுற்றுகளைக் கற்ற ஒருவர் உலக இசையின் குரலையே மாற்றினார். நும் கைகளும் கற்கட்டும்.